மும்பைக்குப் போகாத கால்
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த தலைப்பு "கணினியும் கணக்கும்". கணினி பற்றிப் பேச என்னைவிடப் படிச்சவங்க நம்ம கூட்டமைப்பிலேயே இருக்காங்க. அதனால எனக்குத் தெரிஞ்ச ஒரே ஒரு வேலையைப் பத்தித்தான் பேசப் போறேன். தொலைபேசியில் பேசினால் எவ்வளவு காசு என்று கணினிக்குச் சொல்லிக் கொடுக்கும் வேலை. சின்ன வேலைதான். ஆனா அந்தச் சின்ன வேலையில் ஒரு எண் தவறிப் போனதால ஒரு பொண்ணோட வேலையும் பேரும் போக இருந்தது. அதையும் சொல்றேன்.

முதல்ல கொஞ்சம் பழைய கதை. நம்மில் நாப்பது வயசு தாண்டினவங்களுக்கு மஞ்சள் போர்டு ஞாபகம் இருக்கும். எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி., பி.சி.ஓ. என்று எழுதியிருக்கும். இந்தியாவில் ஆபரேட்டர் இல்லாமல் நேரடியாக வெளியூர் எண்ணைச் சுற்றிப் பேசும் வசதி முதலில் வந்தது 1960-ல், கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையில். நம்ம மாதிரி ஊருக்கு அது வந்து சேர ரொம்ப வருஷம் ஆச்சு. 1984-ல் சாம் பிட்ரோடா முன்னின்று சி-டாட் என்ற நிறுவனம் தொடங்கினாங்க. ஏ.சி. இல்லாமல், தூசியிலும் வெயிலிலும் ஓடக்கூடிய சின்ன கிராம எக்ஸ்சேஞ்சை அவங்க உருவாக்கினாங்க. அதை முதலில் வெச்சுப் பார்த்தது நம்ம பக்கத்து மாநிலத்தில், கர்நாடகாவின் கித்தூரில். அதுக்கப்புறம்தான் பெட்டிக்கடை அளவு இடத்துக்குள்ள கண்ணாடிக் கதவு, ஸ்டூல், ஒரு போன், சிவப்பு எழுத்து ஓடும் ஒரு மிஷின் எல்லாம் வந்தது.

அந்த மிஷின்தான் என் பேச்சோட ஆரம்பம். உள்ளே நாம பேசப் பேச வெளியே எண் ஏறிக்கிட்டே இருக்கும். பேசறவங்க கண்ணு அதிலேயேதான் இருக்கும். "சரி சரி, வெச்சுடறேன், பத்து ரூபா ஆயிடுச்சு" என்று பாதி வார்த்தையில் வெச்சவங்க எத்தனை பேர்! ராத்திரி பத்து, பதினொரு மணிக்கு மேல கால் கட்டணம் என்பதால அந்த நேரத்துக்குத்தான் பூத் வாசலில் வரிசை நிக்கும்.

அந்த மிஷினுக்கு எப்படித் தெரியும் இந்த காலுக்கு இவ்வளவுன்னு? தானாத் தெரியாது. ஒருத்தர் உட்கார்ந்து அதுக்குள்ள ஏத்தணும். எந்த ஊர்க் கோடுக்கு எத்தனை செகண்டுக்கு ஒரு யூனிட், ஒரு யூனிட் எத்தனை காசு, எந்த நேரத்தில் சலுகை. இந்த "எத்தனை செகண்டுக்கு ஒரு யூனிட்" என்பதைத்தான் பல்ஸ் என்பாங்க. லோக்கல் காலுக்கு 3 நிமிஷம் ஒரு பல்ஸ். தூரம் கூடக்கூட பல்ஸ் சின்னதாகும். தூரத்து ஊருக்கு மிஷின் வேகமா ஓடும், பக்கத்து ஊருக்கு மெதுவா ஓடும். யூனிட் விலை ஒண்ணுதான், ஓடற வேகம்தான் வேற.

பல்ஸ் பற்றி ஒண்ணு புரிஞ்சுக்கணும். 3 நிமிஷ பல்ஸில் நீங்க 2 நிமிஷம் 59 செகண்ட் பேசினா ஒரு யூனிட். 3 நிமிஷம் 1 செகண்ட் பேசினா ரெண்டு யூனிட். அந்த ஒரு செகண்டுக்கு முழு 3 நிமிஷக் காசு. இது நமக்குப் புதுசு இல்ல. ஒண்ணாம் தேதி கந்து வாங்கி மறுமாசம் மூணாம் தேதி திருப்பிக் கொடுத்தா ரெண்டு மாச வட்டின்னு கேக்கறவங்களைப் பார்த்தவங்கதானே நாம. அதுவும் பல்ஸ்தான். நம்ம குழுவில் நாள் கணக்கில் வட்டி போடணும்னு சண்டை போட்ட அக்காமார் இங்கேதான் இருக்காங்க. அவங்களுக்கு நான் பல்ஸை விளக்க வேண்டியதே இல்ல.

தூரத்தை எப்படி அளக்கறாங்க என்பதும் ஒரு வேடிக்கை. உங்க வீட்டில் இருந்து அவங்க வீட்டுக்கு அளக்க மாட்டாங்க. நாட்டையே கட்டணப் பகுதிகளாப் பிரிச்சு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு மையம் வெச்சு, மையத்தில் இருந்து மையத்துக்கு நேர்கோட்டில் அளப்பாங்க. ஓசூர் கோடு 04344, கிருஷ்ணகிரி 04343, பெங்களூரு 080. ஓசூரைத் தாண்டினா அத்திப்பள்ளி. சூளகிரியில் பஸ் ஏறினா ஒரு தூக்கம் முழுசா முடியறதுக்குள்ள வந்துடும். ஆனா போன் கணக்கில் அது வேற மாநிலம், வேற வட்டம், 080. நம்ம கொத்தமல்லிக் கட்டு, தக்காளி, பூவு எல்லாம் போறது பெங்களூருக்கு. காலையில் அங்கே என்ன விலைன்னு கேக்க ஒரு போன் போட்டாதான் இங்கே வண்டி ஏத்தலாமா வேண்டாமான்னு முடிவு பண்ணலாம். அந்த ஒரு போனுக்கு எஸ்.டி.டி. காசு. விலை கேட்ட காசு அதிகமா, கட்டு வித்த காசு அதிகமான்னு சிரிப்பாங்க. சிரிப்புதான், ஆனா விலை கேக்காம சரக்கு அனுப்பி நஷ்டப்பட்டவங்க பக்கத்துலயேதான் இருந்தாங்க.

இனி என் வேலைக்கு வர்றேன்.

2004. மாவட்டம் பிரிஞ்ச வருஷம். அந்த பிப்ரவரி 9-ம் தேதி வரைக்கும் நாம தருமபுரி மாவட்டம். அதைச் சொல்லும்போது ஒண்ணு சேர்த்துச் சொல்லணும். தமிழ்நாட்டில் அரசாங்கம் சுய உதவிக் குழுக்களை முதலில் தொடங்கினது 1989-ல், அந்தப் பழைய தருமபுரி மாவட்டத்தில்தான். நம்ம மண்ணுதான் ஆரம்பம். இது மலரில் வேற இடத்தில் வந்திருக்கும், இருந்தாலும் சொல்லாம விட மனசு வரல.

அப்போ நான் ஓசூரில் வேலைக்குப் போற பெண்கள் தங்கும் ஒரு விடுதியில் அலுவலக உதவியாளர். எந்த விடுதின்னு சொல்லப் போறதில்ல, அது இப்போ தேவையும் இல்ல. தொழிற்சாலைகளில் வேலை செய்யற பொண்ணுங்க. திருவண்ணாமலை, தருமபுரி, சேலம், இன்னும் தெக்க இருந்தெல்லாம் வந்தவங்க. பதினெட்டு, பத்தொன்பது வயசு. அப்போ கையில் செல்போன் இருந்தவங்க ரொம்பக் குறைவு. மாடிக்கு ஒரு போன். அந்த போன்ல லோக்கல் மட்டும்தான் பேசலாம், எஸ்.டி.டி.க்குப் பூட்டு. ஊருக்குப் பேசணும்னா வெளியே பூத்துக்குத்தான் போகணும். ஒவ்வொரு பொண்ணுக்கும் நாலு இலக்கத்தில் ஒரு ரகசிய எண். அதைப் போட்டாதான் லைன் கிடைக்கும். மாசக் கடைசியில் அந்த எண்ணுக்கு ஆன காசை விடுதிக் கட்டணத்தோட சேர்த்துப் பிடிச்சுக்குவாங்க.

எப்படிக் கணக்குப் போடறாங்க? ஆபீஸ்ல இ.பி.ஏ.பி.எக்ஸ். என்று ஒரு பெட்டி. வெளி லைனையும் மாடி போன்களையும் அதுதான் சேர்க்கும். ஒவ்வொரு கால் முடிஞ்சதும் அந்தப் பெட்டி ஒரு வரியைக் கேபிள் வழியாக் கணினிக்கு அனுப்பும். தேதி, நேரம், எந்த போன், யாரோட ரகசிய எண், என்ன நம்பர் சுத்தினாங்க, எத்தனை நிமிஷம் எத்தனை செகண்ட். இவ்வளவுதான். காசு என்ற சொல்லே அந்த வரியில் இருக்காது. காசு போடறது கணினியில் இருக்கும் சாஃப்ட்வேர். அது என்ன செய்யும்னா, சுத்தின நம்பரோட முதல் சில இலக்கங்களைப் பார்க்கும். தன்கிட்ட இருக்கும் அட்டவணையில் அது எந்த ஊருன்னு தேடும். 0-ன்னு ஆரம்பிச்சா வெளியூர், 00-ன்னு ஆரம்பிச்சா வெளிநாடு, 0 இல்லைன்னா லோக்கல். வெளியூர்னா எவ்வளவு இலக்கம் வரைக்கும் பொருந்துதோ அவ்வளவு தூரம் பொருத்திப் பார்க்கும். 0434 வரைக்கும் பார்த்தா தருமபுரியா கிருஷ்ணகிரியா ஓசூரான்னு தெரியாது, அடுத்த இலக்கத்தையும் பார்த்தாதான் தெரியும். ஊரைக் கண்டுபிடிச்சதும் பல்ஸ், அதோட யூனிட் விலை, அதுக்கு மேல விடுதியோட சேவைக் கட்டணம். பெருக்கிக் கூட்டி பில்.

அந்த வருஷம் மழைக்காலத்துக்கு முன்னாடி பழைய பெட்டி இடி விழுந்து போச்சு. புதுப் பெட்டி வாங்கினாங்க. பழைய பெட்டியில் வெளி லைன் எடுக்க 9 அழுத்தணும். புதுசில் 0 அழுத்தணும். மாட்டினவர் மாட்டிட்டு, ஒரு கால் போட்டுப் பார்த்துட்டு, "பேசுது மேடம்" என்று சொல்லிட்டுப் போயிட்டார். பேசத்தான் செஞ்சது.

ஆனா சாஃப்ட்வேருக்கு அதை யாரும் சொல்லல. அதில் ஒரு சின்னக் கட்டம் உண்டு: "வெளி லைன் எடுக்கும் எண் எது, அதை நீக்கிவிட்டுப் படி" என்று. அதில் இன்னும் 9-ன்னே இருந்தது.

இப்போ பாருங்க. ஓசூர் டவுன்ல நிறைய நம்பர் 22-ன்னு ஆரம்பிக்கும், மொத்தம் ஆறு இலக்கம். பொண்ணு மாடியில் இருந்து 0 அழுத்தி லைன் எடுத்து 22-ன்னு ஆரம்பிச்சுச் சுத்தினா, கணினிக்கு வர்றது 022... நீக்க வேண்டிய 0-வை அது நீக்கல. அட்டவணையில் 022 என்ன? மும்பை!

பக்கத்துத் தெருவுக்குப் போட்ட கால் மும்பைக் காலாயிடுச்சு. 25-ல் ஆரம்பிக்கிற நம்ம சூளகிரி நம்பரும் மகாராஷ்டிராவுக்குப் போச்சு. 27-ல் ஆரம்பிக்கிற நம்பர் குஜராத்.

காசு கணக்கு சொல்றேன். யூனிட் 1 ரூபாய் 20 காசுன்னு வெச்சுக்குங்க. லோக்கல்ல 3 நிமிஷம் பேசினா 1 ரூபாய் 20 காசு. மும்பைக்கு 30 செகண்ட் பல்ஸ்னு வெச்சா அதே 3 நிமிஷத்துக்கு 6 யூனிட், 7 ரூபாய் 20 காசு. ஆறு மடங்கு. அதுக்கு மேல சேவைக் கட்டணம்.

காசு மட்டும் போயிருந்தா இந்தக் கதையை நான் இங்கே சொல்லியிருக்க மாட்டேன்.

மாசக் கடைசியில் வார்டன் மேடம் அறிக்கையைப் பிரிண்ட் எடுத்தாங்க. ஒரு பொண்ணு எண்ணில் வரிசையா "மும்பை, மும்பை, மும்பை". முப்பது காலுக்கு மேல. எல்லாம் ராத்திரி எட்டு மணிக்கு மேல. அந்தப் பொண்ணுக்குத் திருவண்ணாமலைப் பக்கம் ஊர். மும்பையில் அவளுக்கு யாரு? அதுவும் எஸ்.டி.டி. பூட்டியிருக்கும்போது எப்படிப் போட்டா? பூட்டு எண்ணைத் திருடியிருக்கா. திருடி, ராத்திரியில் மும்பையில் எவன்கிட்டயோ பேசறா. ஒரு தாளில் ரெண்டு குத்தம் தயாராயிடுச்சு. அவ "இல்ல மேடம், அக்கா வீட்டுக்குத்தான் பேசினேன்" என்று அழுதா. கணினி பொய் சொல்லுமான்னு கேட்டாங்க. அன்னைக்கே அவ அப்பாவுக்கு ஊர்ல பூத்துக்குப் போன் போட்டு, வந்து பொண்ணைக் கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டாங்க. மாடியில் மத்தப் பொண்ணுங்க அவகூடப் பேசறதை நிறுத்திட்டாங்க. சில பேருக்கும் அதே மாதிரி மும்பை, குஜராத் விழுந்திருந்தது, ஆனா ஒண்ணு ரெண்டுதான், அதனால கண்ணுல படல. அதிகமாப் பேசினவ மாட்டிக்கிட்டா.

அவளுக்கு ஓசூர்லயே கல்யாணம் ஆன அக்கா. அக்காவுக்கு அது பிரசவ மாசம். தினம் ராத்திரி ஒரு போன் போட்டு எப்படி இருக்கேன்னு கேப்பா. அவ்வளவுதான்.

அந்த அறிக்கையை ஃபைல்ல வைக்கச் சொல்லி என் கையில் கொடுத்தாங்க. நான் பார்த்தது ஊர்ப் பேரை இல்ல, பக்கத்தில் இருந்த நம்பரை. மொத்தம் 7 இலக்கம். மும்பைக்கு 022-க்கு அப்புறம் 8 இலக்கம் வேணும், மொத்தம் 11. ஏழு இலக்கத்தில் மும்பையில் யார் வீட்டு மணியும் அடிக்காது. அப்புறம் ஆபீஸ் போனோட அறிக்கையை எடுத்தேன். அதை யாரும் எடுத்ததே இல்ல, ஏன்னா அதுக்கு யாரும் காசு கட்டறதில்ல. ஆபீஸ்ல எஸ்.டி.டி. திறந்திருக்கும். புது மாவட்டம் ஆனதால கிருஷ்ணகிரி கலெக்டர் ஆபீசுக்கு நிறைய போன் போயிருந்தது. லைனுக்கு ஒரு 0, அப்புறம் 04343. சேர்த்தா 004343. சாஃப்ட்வேர் 00-வைப் பார்த்து வெளிநாடுன்னு முடிவு பண்ணி, 43-ஐப் பார்த்து ஆஸ்திரியான்னு எழுதியிருந்தது! மேனேஜர் சார் ஒரு மாசமா ஆஸ்திரியாவோட பேசிக்கிட்டு இருந்திருக்கார். திருவண்ணாமலைக்கு ஒரே ஒரு கால் இருந்தது, 04175. அது சுவிட்சர்லாந்து.

இதை எடுத்துட்டுப் போய் மேனேஜர் சார் முன்னாடி வெச்சேன். அவர் முதல்ல சிரிச்சார், அப்புறம் சிரிக்கல. வார்டன் மேடம் ஒத்துக்கல. "அது வேற, இது வேற" என்றாங்க. அதுக்குள்ள அவ அப்பா வந்துட்டார். துண்டைத் தோளில் இருந்து எடுத்துக் கையில் சுருட்டிக்கிட்டு நின்னார். படிக்கத் தெரியாதவர், ஆனா நம்பர் தெரியும். நான் தாளில் இருந்த நம்பரை ஒவ்வொண்ணா வாசிச்சு, "ஐயா, நீங்களே சுத்துங்க" என்றேன். முதல் 0-வுக்கு லைன் வந்தது. மீதியைச் சுத்தினார். அந்தப் பக்கம் பெரிய பொண்ணு எடுத்து "யாரு?" என்றா. அவர் ஒண்ணும் சொல்லாம ரொம்ப நேரம் போனைக் காதிலேயே வெச்சிருந்தார்.

அவ வேலையை விட்டுப் போகல. கட்டத்தில் 9-ஐ எடுத்துட்டு 0 போட அரை நிமிஷம் ஆச்சு. பழைய கால்களையும் திரும்பக் கணக்குப் போட சாஃப்ட்வேரில் வழி உண்டு, போட்டோம். அந்த மாசக் காசு எல்லாருக்கும் கழிச்சுக் கொடுத்தாங்க. பெட்டி மாத்தின முதல் மாசம் ஏற்கனவே பிடிச்சுட்டாங்க, அதைத் திருப்பித் தரலை. நான் ரெண்டு தடவை எழுதிக் கொடுத்தும் பார்த்தேன். அந்தப் பொண்ணுகிட்ட யாரும் மன்னிப்பு கேக்கல. அதுக்கப்புறம் அவ அந்த மாடி போனைத் தொடவே இல்ல. அக்காவைப் பார்க்க ஞாயித்துக்கிழமை நடந்தே போவா.

அந்த விடுதியில் நான் அப்புறம் அந்த அட்டவணை மொத்தத்தையும் ஒரு தடவை உட்கார்ந்து பார்த்தேன். இதைச் சொல்லாம விட்டா பேச்சு பாதிதான். ஒரு தப்பு இருக்கற இடத்தில் இன்னும் நாலு இருக்கும்.

ஒண்ணு, மணி அடிக்கற நேரம். சாதாரண லைன்ல அந்தப் பக்கம் போனை எடுத்தாங்களா இல்லையான்னு பெட்டிக்குத் தெரியாது. சுத்தி முடிச்சதில் இருந்தே நேரம் ஓடும். 20 செகண்ட் மணி அடிச்சு, 2 நிமிஷம் 50 செகண்ட் பேசினா, கணக்கில் 3 நிமிஷம் 10 செகண்ட். ரெண்டு யூனிட். எடுக்கவே இல்லைன்னாலும் ஒரு யூனிட். இதுக்கு சாஃப்ட்வேரில் "இத்தனை செகண்டைக் கழிச்சுக்கோ" என்று ஒரு கட்டம் இருக்கு. அதில் பூஜ்யம் போட்டிருந்தாங்க. சரியான வழி வேற. பூத்துகளுக்குக் கொடுக்கற மாதிரி, எதிர்ப்பக்கம் எடுத்ததும் லைனின் மின்சாரத் திசை மாறும் வசதியை எக்ஸ்சேஞ்சில் கேட்டு வாங்கணும், பெட்டியிலும் அதைப் புரிஞ்சுக்கற கார்டு இருக்கணும். அப்போ எடுத்த செகண்டில் இருந்துதான் ஓடும். அது வர்ற வரைக்கும் கழிவுக் கட்டத்தில் 20 போட்டோம்.

அப்புறம் முழு ரூபாய் ஆக்கறது. 1 ரூபாய் 20 காசை ஒவ்வொரு காலுக்கும் 2 ரூபாய் ஆக்கிக்கிட்டு இருந்தது. மாசம் 40 கால் பேசற பொண்ணுக்கு 48 ரூபாய் வரவேண்டியது 80 ரூபாய். முழு ரூபாய் ஆக்கணும்னா மாசக் கடைசியில் மொத்தத்தை ஒரு தடவை ஆக்கினாப் போதும். இதை மேனேஜர் சார் உடனே மாத்தினார், அவரும் சம்பளம் வாங்கறவர்தானே.

கடிகாரமும் ஒரு தொல்லை. மின்சாரம் போய் வந்தா, பேட்டரி செத்திருந்தா, பெட்டியின் கடிகாரம் ஜனவரி ஒண்ணாம் தேதி நள்ளிரவுக்குப் போயிடும். ராத்திரிச் சலுகை பகலிலும், பகல் கட்டணம் ராத்திரியிலும் விழும். ஓசூர்ல அப்போ மின்வெட்டுக்குப் பஞ்சமே இல்ல.

ஆனா இதையெல்லாம் கண்டுபிடிக்கப் பொறியியல் படிக்க வேண்டாம். அப்போ பி.எஸ்.என்.எல். பில் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை வரும். அதில் எக்ஸ்சேஞ்சில் ஓடின மொத்த யூனிட் இருக்கும். நம்ம சாஃப்ட்வேர் அதே ரெண்டு மாசத்துக்கு எல்லார் பேரிலும் போட்ட யூனிட்டைக் கூட்டுங்க. அவங்க நமக்குப் போட்டதைவிட நாம பொண்ணுங்களுக்குப் போட்டது அதிகம்னா அட்டவணை தப்பு. நம்ம குழுவில் பாஸ்புக்கையும் ரொக்கப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வெச்சுப் பார்க்கறோமே, அதே வேலை.

புது அட்டவணை போட்டதும் நான் அஞ்சு கால் போட்டுப் பார்ப்பேன். ஒரு லோக்கல், ஒரு 080, ஒரு செல்போன், ஒரு இலவச 1800, மணி மட்டும் அடிச்சு யாரும் எடுக்காத ஒண்ணு. இந்த அஞ்சும் சரியா வந்தா நிம்மதி. இப்போ இதைச் செய்யறவங்க ஆறாவதா ஒண்ணு சேர்த்துக்கணும். 112, 108, 181, 1098. ஆம்புலன்ஸ், பெண்கள் உதவி எண், குழந்தைகள் உதவி எண். எஸ்.டி.டி.யைப் பூட்டறேன், காசு தீர்ந்தவங்களை நிறுத்தறேன்னு போடற பூட்டில் இதெல்லாமும் மாட்டிக்கும். விடுதியில் இருக்கற நம்ம பொண்ணுங்க இந்த நம்பர் போகுதான்னு ஒரு தடவை கேட்டுப் பார்க்கணும். இன்னைக்கு ராத்திரி வீட்டுக்குப் போய் உங்க பொண்ணுகிட்டச் சொல்லுங்க.

அந்த வேலை ரொம்ப நாள் நிலைக்கலை. கட்டணம் வேகமாகக் குறைஞ்சது. 1995-ல் செல்போன் வந்த புதுசில் நிமிஷத்துக்கு 16 ரூபாய்க்கு மேல, வர்ற காலுக்கும் காசு. 2003 மே மாசம் வர்ற கால் இலவசம் ஆச்சு. 2006 மார்ச் 1-ம் தேதி, தயாநிதி மாறன் மந்திரியா இருந்தப்போ, பி.எஸ்.என்.எல். ஒரே இந்தியா திட்டம் கொண்டு வந்தது. நாட்டில் எங்கே பேசினாலும் நிமிஷத்துக்கு 1 ரூபாய். அத்திப்பள்ளியும் டெல்லியும் ஒரே விலை. தூர அட்டவணை வெச்சிருந்த எங்களுக்கு பாதி வேலை போச்சு, நம்ம கொத்தமல்லிக்காரங்களுக்கு பாதிக் கவலை போச்சு. மஞ்சள் பூத்து ஒவ்வொண்ணா ஜெராக்ஸ் கடையாச்சு, ரீசார்ஜ் கடையாச்சு.

எல்லைக்காரங்களான நமக்கு அதுக்கப்புறமும் ரோமிங் தொல்லை விடல. பெங்களூரு மார்க்கெட்டுக்குக் கூடையோட போற அக்காவுக்கு வீட்டில் இருந்து போன் வந்தா எடுக்கறதுக்கும் காசு. எல்லையோரக் கிராமத்தில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தாலே கர்நாடக டவர் பிடிச்சு, வெளிமாநிலம் போன மாதிரி காசு போன கதையும் உண்டு. டிராய் 2013 ஜூலையிலும் 2015 மே மாசத்திலும் அந்தக் கட்டணத்தைக் குறைச்சது. 2016-ல் ஜியோ வந்த பிறகு பேச்சுக்குத் தனியாகக் காசு என்பதையே பிள்ளைங்க மறந்துட்டாங்க.

அப்போ இந்த அட்டவணைக்கெல்லாம் இப்போ வேலை இல்லையா? இருக்கு. ஆஸ்பத்திரி, ஓட்டல், பெரிய ஆபீஸ் எல்லாத்திலும் இருக்கு. ஒரு உதாரணம். 2021 ஜனவரி 15-ல் இருந்து லேண்ட்லைன்ல இருந்து எந்த செல்போனுக்குப் பேசினாலும் முன்னால 0 போடணும்னு ஆச்சு. அதுக்கு முன்னாடி 0 போட்டா வெளிமாநில செல், போடலைன்னா நம்ம மாநில செல். பழைய அட்டவணையை அப்படியே வெச்சிருந்தா அன்னைக்குக் காலையில் இருந்து பக்கத்து வீட்டு செல்லும் வெளிமாநிலம்தான். 9-க்கும் 0-வுக்கும் நடந்த அதே கதை.

கடைசியா நம்ம வீட்டு விஷயம். கூட்டமைப்பில் இருந்து உறுப்பினர்களுக்குக் கூட்ட நாள், கடன் தவணை நாள் எல்லாம் பதிவு செஞ்ச குரலாகப் போனில் அனுப்பலாம்னு பேச்சு நடக்குது. நல்ல யோசனை. நம்மில் பல பேருக்கு குறுஞ்செய்தி படிக்க வராது, வீட்டில் பேசறது தெலுங்கோ கன்னடமோ. மூணு மொழியிலும் பதிவு செஞ்சு அனுப்பலாம். அதுக்கு ரெண்டு கம்பெனிக்காரங்க விலை கொடுத்திருக்காங்க. ரெண்டு பேர் விலையையும் இங்கே சொல்லக் கூடாது, அதனால கணக்குப் புரியறதுக்காக நானே ஒரு விலை வெச்சுக்கறேன். ஒருத்தர் 30 செகண்டுக்கு 20 காசு, இன்னொருத்தர் 15 செகண்டுக்கு 12 காசு. பார்த்ததும் 12 காசுதான் குறைச்சல்னு தோணும். நம்ம செய்தி 34 செகண்ட். முதல்வருக்கு ரெண்டு பல்ஸ், 40 காசு. அடுத்தவருக்கு மூணு பல்ஸ், 36 காசு. சரி, 12 காசுக்காரர்தான் மலிவு. ஆனா "அன்பான சகோதரிகளுக்கு வணக்கம்" என்ற நீட்டலைக் குறைச்சு செய்தியை 29 செகண்டில் முடிச்சா? முதல்வருக்கு ஒரு பல்ஸ், 20 காசு. அடுத்தவருக்கு ரெண்டு, 24 காசு. இப்போ அவர் விலை அதிகம். அதனால முதல்ல செய்தியைப் பதிவு செஞ்சு கடிகாரம் வெச்சு அளக்கணும், அப்புறம்தான் யாருக்குக் கையெழுத்துன்னு முடிவு பண்ணணும். தெலுங்கில் சொன்னா எத்தனை செகண்ட், கன்னடத்தில் எத்தனை செகண்ட் என்பதையும் தனித்தனியா அளக்கணும், ஒண்ணா இருக்காது.

இன்னும் மூணு கேள்வி அவங்ககிட்ட எழுத்தில் கேக்கச் சொல்லிச் செயலாளர் அக்காகிட்டக் கொடுத்திருக்கேன். எடுத்தவங்களுக்கு மட்டும் காசா, மணி அடிச்சு எடுக்காதவங்களுக்கும் காசா? போனை அணைச்சு வெச்சிருக்கறவங்களுக்குத் திரும்பத் திரும்ப அடிச்சா அது எத்தனை காலாகக் கணக்காகும்? மாசக் கடைசியில் பில்லோட ஒவ்வொரு காலுக்கும் ஒரு வரி, நம்பரோட, செகண்டோட கொடுப்பாங்களா? மூணாவதுக்கு "மொத்தம் மட்டும்தான் தருவோம்" என்று பதில் வந்தா அந்தக் கம்பெனி வேண்டாம் என்பது என் கருத்து. பொதுக்குழு வேற முடிவு எடுத்தாலும் சரி, நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டேன்.

பதிவு செய்யறதுக்கு குரல் கொடுக்க விருப்பம் உள்ளவங்க சாப்பாட்டுக்கு அப்புறம் பொருளாளர் அக்காகிட்டப் பேர் கொடுங்க. தெலுங்குக்கு ரெண்டு பேர் இருக்காங்க, கன்னடத்துக்குத்தான் இன்னும் ஒருத்தரும் வரல.